ஐந்து இடங்களில் வெட்டிய வரி

கணினிப் பாடம் எங்கள் பாடசாலைக்கு வந்தபோது எனக்கு ஐம்பத்தேழு வயது. ஓய்வுக்கு மூன்று ஆண்டுகள் இருந்தன. அவற்றைச் சத்தமில்லாமல் கழித்துவிட்டுப் போய்விடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். புதிதாக எதையும் படிக்கும் ஆசை எப்போதோ என்னை விட்டுப் போயிருந்தது. ஆனால் கணிதம் படிப்பிப்பவன் நான் ஒருவன்தான். அதிபர் ஒரு கடிதத்தை நீட்டி, "கேகாலைக்கு ரெண்டு கெழமை போயிட்டு வாங்க. உங்கள விட்டா வேற யார அனுப்ப?" என்றார். இரண்டு வாரம் போய் வந்தேன்.

பயிற்சி சிங்களத்தில் நடந்தது. தந்த குறிப்புகள் ஆங்கிலத்தில் இருந்தன. கடைத்தெருவுக்கும் அலுவலகத்துக்கும் போதுமான சிங்களம் என்னிடம் உண்டு. ஒரு பாடத்தை உட்கார்ந்து கேட்டு விளங்கிக்கொள்ள அது போதவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் என் மகன் வயதுப் பிள்ளைகள். அவர்களிடம் கேட்க வெட்கப்பட்டேன். பாதி விளங்கியது, மீதியை நானே ஊகித்து நிரப்பிக்கொண்டேன். கடைசி நாளில் ஒரு சான்றிதழ் தந்தார்கள். அதை அதிபர் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தன் அறையில் மாட்டினார். அதன்பிறகு எனக்குத் தெரியாது என்று சொல்வதற்கு வழியில்லாமல் போயிற்று.

எங்கள் பாடசாலை தெஹியோவிட்டப் பக்கம். பஸ்ஸை விட்டு இறங்கி, றப்பர் மரங்களுக்கு நடுவே அரை மணி நேரம் மேலே நடக்க வேண்டும். பிள்ளைகள் எல்லோரும் சுற்றியுள்ள லயங்களில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், இருந்து வருபவர்கள். வலயக் கல்வி அலுவலகத்தில் இருந்து ஆறு கணினிகளை லொறியில் கொண்டுவந்து இறக்கினார்கள். ஒன்றுக்கு இருவர் என்று வைத்தால் பன்னிரண்டு பேருக்குத்தான் இடம். ஒன்பதாம் ஆண்டு வகுப்பில் முப்பத்தொரு பிள்ளைகள் இருந்தார்கள். அடுத்த ஆண்டு சாதாரண தரப் பரீட்சைக்கான பாடங்களை அவர்கள் தெரிவு செய்ய வேண்டும். முதலில் ஆறு வாரம் எல்லோருக்கும் அடிப்படையைச் சொல்லிக் கொடுத்து, ஒரு சோதனை வைத்து, மேலே வரும் பன்னிரண்டு பேரைக் கணினிக்கு எடுப்பது என்று முடிவானது. மற்றவர்கள் மனையியலுக்கும் விவசாயத்துக்கும் போக வேண்டும்.

கணினி அறைக்கு மின்சாரம் இழுக்கும் வேலை அப்போது முடிந்திருக்கவில்லை. இயந்திரங்கள் துணி போர்த்தியபடி பூட்டிய அறைக்குள் கிடந்தன. அந்த ஆறு வாரமும் நான் கரும்பலகையில்தான் நிரல் எழுதினேன். பிள்ளைகள் கொப்பியில் எழுதினார்கள். இயந்திரம் என்ன செய்யும் என்பதையும் நானே சொன்னேன். நான் சொன்னதுதான் விடை. மறுத்துப் பேச அங்கே இயந்திரம் இல்லை.

நான்காவது வாரம் உள்ளக மாறிக்கு வந்தோம். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கணினிக்கு ஒரு பெரிய வேலையைக் கொடுக்கும்போது அதைச் சிறு சிறு வேலைகளாகப் பிரித்து எழுதுவோம். ஒவ்வொன்றும் ஒரு துணை நிரல். அந்தச் சிறு வேலை தனக்கு வேண்டிய எண்ணைப் போட்டு வைக்க ஒரு பெட்டியை, அதாவது உள்ளக மாறியை, உண்டாக்கி, அதற்கு ஒரு பெயரும் வைத்துக்கொள்ளும். அந்தப் பெயர் அந்த வேலைக்குள் மட்டும்தான் செல்லும். வேலை முடிந்தால் பெயரும் போய்விடும், பெட்டியும் கையை விட்டுப் போய்விடும். பக்கத்து வேலை அதே பெயரை வைத்துக்கொண்டாலும் அது வேறு பெட்டி. அவ்வளவுதான். ஆனால் பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்கு இதை எப்படிச் சொல்வது?

புத்தகத்தில் இருந்ததை வாசித்தேன். ஒருவர் முகத்திலும் அசைவில்லை. பிறகு லயத்தை எடுத்தேன்.

"உங்க லயத்துல எத்தன வீடு?"

"பன்னெண்டு சேர்."

"ஒவ்வொரு வீட்லயும் ஒரு பெரியவன் இருப்பான்தானே? நாலாவது காம்பராவுல இருந்து அம்மா 'பெரியவனே'ன்னு கூப்பிட்டா, யாரு திரும்பணும்?"

பின்வரிசையில் இருந்து ஒருவன் சொன்னான். "எங்க லயத்துல பன்னெண்டு பேரும் திரும்புவானுங்க சேர். சாப்பிடக் கூப்பிடுறாங்களோன்னு!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் விளங்கிவிட்டது என்று தெரிந்தது. ஒரே பெயர், வேறு வேறு வீடு. அந்தப் பாதி சரியாகப் போயிற்று.

வேலை முடிந்தால் அந்தப் பெட்டிக்கு என்ன ஆகும் என்பது மறு பாதி. அதற்கு நான் றப்பர் மரத்தை எடுத்துக்கொண்டேன். அதுதான் அவர்களுக்கு வாசலில் இருப்பது. "மரத்துக்கு மரம் சிரட்டை கட்டியிருக்கும். எல்லாத்துக்கும் பேரு சிரட்டைதான். ஆனா இந்த மரத்துப் பால் அந்தச் சிரட்டைக்குப் போகாது. பாலை வாளியில ஊத்துன பொறகு சிரட்டையைக் கவுத்து வச்சிடுவாங்க. மறுநாள் வெறும் சிரட்டை. பூச்சியத்துல இருந்துதான் தொடங்கும். உள்ளக மாறியும் அப்படித்தான். ஒவ்வொரு தடவையும் இயந்திரமே அதைப் பூச்சியமாக்கித் தரும். நீங்க ஒன்னும் செய்ய வேண்டியதில்ல."

நல்ல உதாரணம் சொல்லிவிட்டதாக எனக்கு ஒரு திருப்தி. அப்போது ஜன்னலோரம் இருந்த ஒரு பிள்ளை எழுந்தாள். அதிகம் பேசாதவள். அவளுடைய அம்மா றப்பர் பால் வெட்டுகிறவர். லீவு நாட்களில் இவளும் றப்பர் மலைக்குப் போவாள்.

"சேர், கவுத்து வச்சாலும் வெறும் சிரட்டையா இருக்காது."

"ஏன்?"

"அடியில ஒட்டுப்பால் காஞ்சி இருக்கும் சேர். மறுநாள் மொதல்ல அத உரிச்சி எடுத்துட்டுத்தான் வெட்டணும். உரிக்காட்டி கங்காணி ஏசுவாரு."

நான் கரும்பலகைப் பக்கம் திரும்பினேன். அவள் நிறுத்தவில்லை.

"அப்ப அந்தப் பெட்டியிலயும் முந்தி வேல செஞ்சது எதையாச்சும் வச்சிட்டுப் போயிருக்காதா சேர்? நாமளே மொதல்ல பூச்சியம்னு எழுதிட்டா நல்லந்தானே?"

"ஐயோ, கம்ப்யூட்டருக்குள்ளயும் ஒட்டுப்பாலாம்டா!" என்றான் பின்வரிசைக்காரன். சிரிப்பு கிளம்பியது. அது அவளைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு. அதோடு முடிந்திருந்தால் நான் அதை மறந்திருப்பேன். ஆனால் அவளுக்குப் பக்கத்தில் இருந்தவள் அவள் கையை இழுத்து, எனக்குக் கேட்காது என்று நினைத்துச் சொன்னாள்: "ஒக்காருடி. சேர் எப்ப பால் வெட்டியிருக்காரு, அவருக்குத் தெரியறதுக்கு?"

இந்த முறை சிரிப்பு என்னைப் பார்த்தது.

பக்கத்தில் இருந்தவள் சொன்னது உண்மை. நான் தோட்டத்தில் கணக்கு எழுதிய கணக்கப்பிள்ளையின் மகன். சிறு வயதில் எங்கள் வீட்டுக்கு முன்னால் தகர வாளிகளோடு வரிசையில் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சிரட்டையைக் கையில் எடுத்துப் பார்த்ததில்லை. அம்மா அந்த வாளிகளைத் தொட விடமாட்டார், கறை போகாது என்று. இந்தப் பிள்ளைகளின் மத்தியில் முப்பது ஆண்டுகள் நின்று பேசியிருக்கிறேன். நான் அவர்களில் ஒருவன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தது பொய் என்பதும் அந்தச் சிரிப்பில் தெரிந்தது.

"சிரட்டை வேற, கணினி வேற. வாய் பேசாம எழுது" என்றேன். கேள்வி கேட்டவள் உட்கார்ந்தாள். உதாரணத்தைச் சொன்னவனே நான்தான் என்று யாரும் எனக்கு நினைவுபடுத்தவில்லை.

ஆறாவது வாரம் சோதனை. ஐந்து கேள்விகளுக்குத் துணை நிரல் எழுத வேண்டும். எல்லாவற்றிலும் ஏதோ ஒன்றைக் கூட்டி வர வேண்டும்: புள்ளிகள், மழை நாட்கள், அப்படி. அந்தப் பிள்ளையின் விடைத்தாள் தெளிவாக இருந்தது. ஆனால் ஐந்து விடைகளிலும், கூட்டத் தொடங்குவதற்கு முன், கூட்டுத்தொகை பூச்சியம் என்று ஒரு வரி எழுதியிருந்தாள். தேவையில்லை என்று நான் சொன்ன வரி. வேண்டுமென்றே எழுதியிருக்கிறாள் என்று நினைத்தேன். சிவப்புப் பேனையால் ஐந்து இடங்களிலும் அந்த வரியை வெட்டினேன். ஒவ்வொன்றுக்கும் புள்ளி குறைத்தேன். கூட்டிப் பார்த்தபோது அவள் பதினான்காவதாக வந்தாள்.

அதுவரை நான் செய்தது தெரியாமல் செய்த பிழை. கோபமும் கலந்திருந்தது, ஆனாலும் தெரியாமல் செய்ததுதான். அதற்கு மட்டும் என்றால் நான் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

அந்த வியாழக்கிழமை மின்சார வேலை முடிந்தது. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு எனக்குப் பாடம் இல்லை. அறையைத் திறந்து, துணியை எடுத்து, ஒரு இயந்திரத்தைப் போட்டேன். திங்கட்கிழமை பெயர்ப் பட்டியல் போட வேண்டும். அதற்கு முன் என் மாதிரி விடைகள் ஓடுகின்றனவா என்று பார்க்க நினைத்தேன். முதல் விடையைத் தட்டச்சு செய்து ஓட்டினேன். நான் கொடுத்த மூன்று பாடப் புள்ளிகளைக் கூட்டினால் இருநூறுக்குள் வர வேண்டும். திரையில் ஐந்து இலக்க எண் ஒன்று வந்தது.

தட்டச்சில் பிழை என்று நினைத்தேன். எழுத்தெழுத்தாகப் பார்த்தேன். மறுபடி ஓட்டினேன். இரண்டாவது இயந்திரத்தில் ஓட்டினேன். அங்கே வேறொரு எண் வந்தது. அரை மணி நேரம் இப்படிப் போயிற்று. கடைசியில் வேறு வழி தெரியாமல் அவள் எழுதிய அந்த ஒரு வரியைச் சேர்த்தேன். சரியான விடை வந்தது. எடுத்தேன், கெட்டது. போட்டேன், சரியானது.

ஏன் என்பதையும் அன்றே கண்டுபிடித்தேன். கேகாலைப் பயிற்சியில் நாங்கள் எழுதிப் பார்த்ததெல்லாம் எல்லா வேலைகளுக்கும் பொதுவாக மேலே வைக்கும் மாறிகள். அவற்றை அந்த இயந்திரம் தானாகவே பூச்சியமாக்கி வைத்திருந்தது. உள்ளக மாறியை அது அப்படிச் செய்யாது. முன்பு அந்த இடத்தில் என்ன கிடந்ததோ அதுவே கிடக்கும். அங்கே அதைச் சொல்லியிருப்பார்கள். எனக்கு விளங்காத பாதியில் அது போயிருக்கும். மலையில் ஒட்டுப்பால் உரித்த அனுபவத்தை மட்டும் வைத்துக்கொண்டு, இயந்திரத்தைத் தொட்டும் பார்க்காமல், அந்தப் பிள்ளை அதைச் சொல்லியிருந்தாள்.

வெட்டிய புள்ளிகளைத் திருப்பிப் போட்டால் அவள் மூன்றாவது. மற்றப் பிள்ளைகள் ஒருவரும் அந்த வரியை எழுதவில்லை. ஏனென்றால் நான் சொன்னதைக் கேட்டிருந்தார்கள்.

விடைத்தாள்கள் என் பையில்தான் இருந்தன. பட்டியலில் அதிபர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. எழுந்து போய் ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் உட்கார்ந்தே இருந்தேன். அவளை உள்ளே எடுத்தால் பன்னிரண்டாவது பிள்ளையை வெளியே அனுப்ப வேண்டுமே, அவன் என்ன பாவம் செய்தான் என்று ஒரு நியாயத்தைத் தேடினேன். அது நியாயமில்லை என்று தேடும்போதே தெரிந்தது. வகுப்புக்கு முன்னால் நின்று, "எனக்குத் தெரியவில்லை, அவளுக்குத் தெரிந்திருந்தது" என்று சொல்ல வேண்டும். அந்தச் சிரிப்பை இன்னொரு முறை கேட்க என்னால் முடியாது. உண்மையான காரணம் அதுதான். களைப்பாகவும் இருந்தது. ஓய்வுக்கு மூன்று ஆண்டுகள். இயந்திரங்களை நிறுத்தி, துணியைப் போர்த்தி, அறையைப் பூட்டிவிட்டு வந்தேன்.

வெள்ளி, சனி, ஞாயிறு. மூன்று நாட்களும் எனக்கு அவகாசமாக இருந்தன. திங்கட்கிழமை விடைத்தாள்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பட்டியலை ஒட்டினேன். அவள் பெயர் இல்லை.

இடைவேளையில் விடைத்தாளை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"சேர், இந்த வரி பிழையா?"

"பிழைன்னு இல்ல. தேவையில்ல."

"பிழை இல்லைன்னா ஏன் சேர் வெட்டுனீங்க?"

"மனையியல் மிஸ் பேர் எழுதுறாங்க. போய்ச் சொல்லு, போ."

அவள் தாளை மடித்துக்கொண்டு போனாள்.

மறுநாள் அவளுடைய அம்மா வந்தார். மலையில் இருந்து நேராக வந்திருந்தார், பாலின் புளித்த வாடையோடு. வகுப்புக்குள் வராமல் படியிலேயே நின்றார்.

"சேர், புள்ள ராவெல்லாம் அழுவுதுங்க. ஒன்னு வேணும்னு வாய் தொறந்து கேக்காத புள்ள. இத மட்டும் கேட்டுச்சி."

"சோதனையில புள்ளி காணாதுமா. அடுத்த வருஷம் பாப்போம்."

அடுத்த வருடம் என்று ஒன்று இல்லை. பத்தாம் ஆண்டில் எடுக்கும் பாடம்தான் பதினோராம் ஆண்டு வரைக்கும். அது எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது.

"சேர் சொன்னா சரியாத்தானுங்க இருக்கும்" என்று கும்பிட்டுவிட்டு இறங்கிப் போனார்.

ஜனவரியில் பன்னிரண்டு பேரோடு கணினி வகுப்பு தொடங்கியது. முதல் வாரமே சொல்லிவிட்டேன்: "உள்ளக மாறியில கூட்டுறதுக்கு முன்னால மறக்காம பூச்சியம் போடுங்க." பின்வரிசைக்காரனும் அந்தப் பன்னிரண்டில் இருந்தான்.

"சேர், அது அவ சொன்னதுதானே? ஒட்டுப்பால்?"

"அது வேற, இது வேற."

"ஹரி சேர்" என்று சிங்களத்தில் ஒரு 'சரி' சொல்லிவிட்டுப் பக்கத்தில் இருந்தவனைப் பார்த்தான். அந்த ஆண்டு முழுவதும் அந்த வகுப்பில் யாரும் எழுந்து என்னிடம் கேள்வி கேட்கவில்லை.

2009ஆம் ஆண்டு ஓய்வு பெற்றேன். ஓய்வூதிய விஷயமாகக் கொழும்புக்கு ஒரு கடிதம் அச்சடிக்க வேண்டியிருந்தது. தெஹியோவிட்ட டவுனில் ஒரு முஸ்லிம் முதலாளி தொலைபேசி, போட்டோ கொப்பி, தட்டச்சு எல்லாம் சேர்த்து ஒரு கடை வைத்திருந்தார். உள்ளே போனேன். கணினிக்கு முன்னால் அவள் இருந்தாள்.

"வாங்க சேர், ஒக்காருங்க" என்று எழுந்து ஸ்டூலை இழுத்துப் போட்டாள். முதலாளி என்னைப் பார்த்தார். "நீங்கதான் இவவுக்குப் படிச்சிக் குடுத்த மாஸ்டரா? நல்லாப் படிச்சிக் குடுத்திருக்கீங்க. மூனு பாஷையிலயும் அடிப்பா. பழுதாப் போனாலும் அவவே கழட்டிப் பாப்பா. எனக்கு ஒரு சம்பளம் மிச்சம்!" என்று சிரித்தார்.

"இல்ல, கம்ப்யூட்டர் எங்கிட்டப் படிக்கல" என்றேன். அவர் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. ஒரு ஃபோன் வந்தது, வெளியே போனார்.

அவள் என் கடிதத்தை அடித்தாள். விரல்களைப் பார்க்காமல் அடித்தாள். சாதாரண தரத்தில் கணிதமும் சிங்களமும் நல்ல புள்ளியோடு சித்தியாம். மேலே படிக்க கேகாலைக்குத்தான் போக வேண்டும், தங்க வசதியில்லை, அதனால் இங்கே வந்துவிட்டாளாம். கணினியை இந்தக் கடையில்தான் முதன்முதலில் தொட்டாளாம். யார் மீதும் குறை சொல்லாமல் அதைச் சொன்னாள். கணினிப் பாடத்தில் சித்தியிருந்தால் வலய அலுவலகத்தில் ஒரு பயிற்சி இடத்துக்கு விண்ணப்பித்திருக்கலாம் என்பதையும் அப்படித்தான் சொன்னாள்.

கடிதம் அச்சாகி வந்தது. நான் எழும்பவில்லை.

"மா, அந்தச் சோதனைத் தாள்ல நான் வெட்டுன வரி. அது சரி. நான் சொன்னதுதான் பிழை."

அவள் திரையில் இருந்த கடிதத்தை மூடினாள்.

"சரின்னு எனக்குத் தெரியும் சேர். இங்க வந்து மொத கெழமையே அடிச்சுப் பாத்தேன்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "சேருக்கு எப்பத் தெரிஞ்சிச்சு? பேர் ஒட்டுறதுக்கு முன்னுக்கா, பொறகா?"

அந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. எதிர்பார்த்திருக்க வேண்டும். மூன்று ஆண்டுகள் அவள் அதைத்தான் வைத்துக்கொண்டிருந்தாள் என்று முகத்தில் தெரிந்தது. வரி சரியா பிழையா என்பது அவளுக்கு முடிந்த விஷயம். தன்னை வேண்டாம் என்று தெரிந்தே தள்ளினேனா என்பதுதான் முடியவில்லை.

"பொறகுதான்மா" என்றேன். "வகுப்பு தொடங்குன பொறகுதான் தெரிய வந்திச்சு. அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சி போச்சு."

அவள் மூச்சை விட்டாள். தோள் இறங்கியதைப் பார்த்தேன்.

"அப்ப சரி சேர். தெரியாம நடந்ததுதானே. நான் என்னமோ சேருக்கு என்னப் பிடிக்கலன்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன். அம்மாகிட்டயும் சொல்றேன்." சிரித்தாள். கடிதத்தை ஒரு உறையில் போட்டு, மடியாமல் இருக்க அட்டை ஒன்றும் வைத்துத் தந்தாள்.

மன்னிப்புக் கேட்கப் போய் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு வந்தேன். அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று சொன்னதாக அன்று பஸ்ஸில் நினைத்துக்கொண்டேன். இல்லை. அவள் முகம் மாறுவதை நேரில் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை, அன்றைக்கு அந்தச் சிரிப்பைக் கேட்கத் தைரியம் இல்லாதது போலவே.

அதன்பிறகு இரண்டு தடவை உண்மையைச் சொல்லும் எண்ணத்தோடு அந்தக் கடை வாசல் வரை போனேன். முதல் தடவை உள்ளே கூட்டமாக இருந்தது. இரண்டாவது தடவை யாரும் இல்லை. அவள் மட்டும் இருந்தாள், என்னைக் கண்டு கையசைத்தாள். நானும் கையசைத்துவிட்டு அவிசாவளை பஸ்ஸைப் பிடித்துவிட்டேன். அடுத்த முறை போனபோது, கல்யாணம் முடித்து றக்வானப் பக்கம் போய்விட்டாள் என்று முதலாளி சொன்னார்.

எனக்குத் தெரிந்தது வியாழக்கிழமை பிற்பகல். பெயர் ஒட்டியது திங்கட்கிழமை காலை. அவள் கேட்ட கேள்விக்கு விடை அதுதான். அவளிடம் இருப்பது இன்னும் நான் கொடுத்த மற்ற விடை.